மூன்றே இடம்: ஃப்ளையிங்குக்குப் போடுவதா, வேண்டாமா?

கேள்வி, 2025 ஜூன் 7

அண்ணா, விமானப்படை அதிகாரிகளை எடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வின் 02/2025 அறிவிப்பைப் பார்த்தீர்களா? மொத்தம் 284 இடம், அதில் விமானிகளுக்கான ஃப்ளையிங் பிராஞ்சுக்கு 3. இந்தியா முழுக்க மூன்றே மூன்று. நான் மெக்கானிக்கல் கடைசி வருடம், ஊர் உடுமலைப் பக்கம். ஹாஸ்டலில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த மூன்றும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று முன்பே முடிவாகியிருக்குமாம். 550 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டிப் போடுவது வீண்தானே?

ஜூன் 7, இரவு

போடு தம்பி.

மூன்று என்பது இந்த முறை, இந்த ஒரு வாசலுக்கு மட்டும். இதற்கு முந்தைய 01/2025 அறிவிப்பில் ஃப்ளையிங் 30. அதற்கும் முன்னால் 02/2024-ல் 29. அடுத்த முறை எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்டதாரிகளுக்கான சிடிஎஸ் தேர்வு வழியாக விமானப்படை அகாடமிக்கு 32 இடம், வருடத்தில் இரண்டு தடவை. பன்னிரண்டாம் வகுப்போடு சேரும் என்டிஏவில் ஃப்ளையிங்குக்கு 92 இருக்கிறது, ஆனால் உனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. என்சிசியின் விமானப்படைப் பிரிவான ஏர் விங்கில் ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுதான். சிடிஎஸ், ஏஎஃப்கேட் இரண்டிலும் பத்து சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உன் கல்லூரியில் ஏர் விங் உண்டா என்று கேட்டுப் பார். நம் பக்கம் பெரும்பாலும் ஆர்மி விங்தான்.

படிவத்தில் ஃப்ளையிங்கோடு கிரவுண்ட் டியூட்டி டெக்னிக்கலையும், அதாவது தரையில் இருக்கும் தொழில்நுட்பப் பணியையும், குறித்து வை. 156 இடம் அங்கே இருக்கிறது.

ஆபீசர் பிள்ளைகள் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 9

சரி, ஆபீசர் பிள்ளைகள்.

நான் அந்த எஸ்எஸ்பிக்காக மைசூர் தேர்வு போர்டுக்குப் போனது 2013-ல். கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பஸ். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். பக்கத்து சீட் பெரியவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, “எங்க தம்பி போறீங்க?” என்றார். பைலட் ஆகப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மைசூர் அரண்மனை பார்க்க என்றேன்.

முதல் நாள் காலை ஓஐஆர் என்ற அறிவுத்திறன் தேர்வு, அதற்கப்புறம் பிபிடிடி. மங்கலான படம் ஒன்றை முப்பது விநாடி காட்டுவார்கள், நாலு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து பேசி ஒரே கதையாக்க வேண்டும். அங்கேதான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். என் குழுவில் இந்திக்காரர்கள் அதிகம். பேச்சு தொடங்கிய நிமிடத்திலேயே ஆங்கிலம் போய் இந்தி, அப்புறம் வெறும் கூச்சல். இரண்டு பேர் ஆபீசர் பிள்ளைகள் என்று சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்டது. கன்டோன்மென்ட் பள்ளி, அலட்டலில்லாத ஆங்கிலம், கலங்காத முகம். அவர்களில் ஒருவன் உள்ளே வந்தான், இன்னொருவன் மதியமே ஸ்க்ரீன்ட் அவுட், முதல் நாளே வீட்டுக்கு. உள்ளே வந்தவர்களில் பிகாரில் பால் வியாபாரி ஒருவரின் மகனும் இருந்தான். கூச்சலில் இரண்டே வாக்கியம்தான் பேசினான். ஆனால் அந்த இரண்டில் கதை நகர்ந்தது.

ஆபீசர் பிள்ளைக்குச் சாதகம் இல்லை என்று சொல்ல வரவில்லை. போர்டு எப்படி இருக்கும் என்று அவனுக்கு வீட்டிலேயே தெரியும், நமக்கு யூடியூப்தான். ஆனால் உள்ளே சைக்காலஜிஸ்ட், குழுப் பணிகளை நடத்தும் ஜிடிஓ, இன்டர்வியூ ஆபீசர் என்று மூன்று பேர் தனித்தனியாக உன்னைப் பார்க்கிறார்கள். கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் மூன்று கணிப்பும் ஒன்றாக வரும். அப்பா யார் என்பதை வைத்து மூவரையும் ஒருசேர வளைப்பது சினிமாவில் நடக்கும்.

இன்னொன்று. ஒருவர்கூடத் தேறாமல் மொத்த பேட்சும் வீட்டுக்குப் போவது போர்டுகளில் சாதாரணம். ஆகவே முதல் கண்டத்துக்கும் இடங்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று இடமோ முந்நூறு இடமோ, அந்த ஐந்து நாள் கணக்கு மாறாது.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

திம்பம் வாந்தியைப் பற்றி மட்டும் ஏழெட்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பிபிடிடியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை! பஸ்ஸில் வாந்தி வந்தால் பைலட் ஆக முடியாது என்று விதி எதுவும் இல்லை. பயிற்சியின் தொடக்கத்தில் வயிறு புரட்டுவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், பலருக்குப் போகப் போகச் சரியாகிவிடும். மெடிக்கலில் இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள்.

ஜூன் 15

இன்றைக்குச் சிபிஎஸ்எஸ். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. ஃப்ளையிங்குக்குப் போகிறவன் இடங்களை எண்ணிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

சிபிஎஸ்எஸ் என்பது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ செய்து கொடுத்த கணினி வழி விமானித் தகுதித் தேர்வு. அதற்கு முன்னால் பிஏபிடி என்று பழைய முறை இருந்தது. ஃப்ளையிங்குக்கு போர்டு ரெக்கமெண்ட் செய்தவர்களை மட்டும்தான் இதில் உட்கார வைப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. தவறிவிட்டால் ஏஎஃப்கேட், சிடிஎஸ், என்சிசி மூன்று வழியிலும் ஃப்ளையிங் முடிந்தது. நேவி பைலட்டுக்கும் போட முடியாது. தேறிவிட்டால் அது எப்போதும் செல்லும், அடுத்த போர்டில் திரும்ப எழுத வேண்டியதில்லை.

விமானத்தின் கருவிகளை முதலில் விளக்குவார்கள்: உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம், திசைகாட்டி. பிறகு அந்தக் கருவிகளின் படத்தைப் பார்த்து விமானம் எப்படிப் பறக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஸ்டிக்கும் கால் பெடலும் உள்ள இயந்திரம். கண் ஒன்றைத் துரத்த, கை ஒன்றைப் பிடிக்க, கால் ஒன்றைத் தள்ள, நடுவில் வேறு ஏதாவது வந்து கவனத்தைக் கேட்கும். அறிவாளி, முட்டாள் என்ற பேதமெல்லாம் அங்கே இல்லை. என்னோடு தங்கியிருந்த ஹரியானாக்காரன் எல்லாவற்றிலும் என்னைவிடக் கெட்டிக்காரன், போர்டே அவனைப் பார்த்து மயங்கியிருக்கும். இதில் தவறிவிட்டான். நான் தேறினேன். ஏன் என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. அவன் இன்னொரு விருப்பமாகக் குறித்திருந்த கிரவுண்ட் டியூட்டியில் சேர்ந்து இப்போது நல்ல பதவியில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்தால் அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

முந்தின இரவு தூங்கு. காய்ச்சல் இருந்தால் வாய் திறந்து சொல். விளக்கத்தின்போது காது கொடுத்துக் கேள், புரியாததை அங்கேயே கேட்டுவிடு. இதற்கு மேல் பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் கோச்சிங் போன இடத்தில், எந்த ஊர் என்றுகூடச் சொல்ல மாட்டேன், “அசல் சிபிஎஸ்எஸ் சிமுலேட்டர்” என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்கள். மைசூரில் இருந்ததற்கும் அதற்கும் எட்டாத தூரம்.

ஜூன் 18

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: ஒரே வாய்ப்பு என்றால், முதலில் கிரவுண்ட் டியூட்டிக்கு மட்டும் போட்டு போர்டைப் பழகிக்கொண்டு, ஃப்ளையிங்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாமே?

கேட்க புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏஎஃப்கேட் ஃப்ளையிங்குக்கு வயது 20 முதல் 24 வரைதான், கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தால் 26. கோர்ஸ் தொடங்கும் தேதியில் கணக்கு. பி.இ. முடிக்கும்போதே 21, 22 ஆகிவிடும். பழகிக்கொண்டே இருந்தால் கதவு சாத்திவிடும். அதோடு, போர்டு ரெக்கமெண்ட் செய்தால்தான் சிபிஎஸ்எஸ் என்பதால், தயாராகாதவனுக்கு அந்த ஒரே வாய்ப்பு பெரும்பாலும் செலவாவதே இல்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு என் கட்சி: வயது இருக்கும்போதே ஃப்ளையிங்குக்குப் போடு.

ஜூலை 2

ஒரு டேப் எடுத்துக்கொள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார், காலை நீட்டு.

உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம் 99-லிருந்து 120 செ.மீ. தொடை நீளம் 64-க்கு மேல் கூடாது. உட்கார்ந்த உயரம் 81.5-லிருந்து 96. காக்பிட் கணக்கு இது. கால் குட்டை என்றால் பெடல் எட்டாது, தொடை நீளம் என்றால் ஆபத்தில் சீட்டோடு வெளியே தெறிக்கும்போது முட்டி தப்பாது. இரண்டு வருடம் தயாராகி, ரெக்கமெண்ட் ஆகி, மெடிக்கலில் தொடை ஒரு செ.மீ. கூடுதல் என்று திரும்பி வந்தவனை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அளந்தால் ஐந்து நிமிடம். நிறக்குருடு இருக்கிறதா என்று உள்ளூர் கண் மருத்துவரிடமும் பார்த்துவிடு. லேசிக் என்ற கண் லேசர் சிகிச்சை செய்தவர்களுக்குத் தனி நிபந்தனைகள் அறிவிப்பிலேயே இருக்கின்றன, அதைப் படியுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறவன்.

ஆகஸ்ட் 17

“நாட்டுக்குப் பைலட் தேவையில்லை போல, அதனால்தான் 3” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்மாறு.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 2015 பிப்ரவரியில் விமானப்படைக்கு 486 பைலட் பற்றாக்குறை. 2016 முதல் 2021 வரை வருடத்துக்கு 222 பேரைப் பயிற்சிக்கு எடுப்பதாகத் திட்டம், எடுத்தது அதைவிடக் குறைவு. 2021 முடிவில் பற்றாக்குறை 596. ஆள் வேண்டும், ஆனால் சேரவில்லை. ஏன்? தகுதியானவர்கள் கிடைப்பதில்லை என்பது ஒரு பக்கம். என் கணிப்பில் இன்னொரு பக்கம் பயிற்சி விமானங்கள். 2009-ல் ஒரு விபத்துக்குப் பிறகு எச்பிடி-32 தீபக் விமானங்களை நிறுத்தினார்கள். 2013-லிருந்து ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7 வந்தது. அதே அறிக்கையில், 64 பிலாட்டஸில் 16-ல் எஞ்சின் ஆயில் கசிவு என்று இருக்கிறது. நம் நாட்டு எச்ஏஎல் நிறுவனம் தயாரிக்கும் பயிற்சி விமானம் எச்டிடி-40-க்கு 2023-ல் 70 ஆர்டர், எஞ்சின் தாமதத்தால் இன்னும் வந்து சேரவில்லை. பறக்கக் கற்றுத்தர விமானமும் வாத்தியாரும் எத்தனையோ, அத்தனை பேரைத்தான் துண்டிகல் விமானப்படை அகாடமியில் ஏற்ற முடியும். கல்யாண மண்டபத்தில் பந்தி மாதிரி: வாசலில் கூட்டம் நிற்கும், உள்ளே இலை போட்ட அளவுக்குத்தான் உட்கார வைப்பார்கள்.

ஆகஸ்ட் 18

“வாத்தியார் என்றால் தாம்பரம்தானே, அங்கேதானே பைலட் ஆக்குகிறார்கள், நாமும் அங்கே போய்விடலாமே” என்று ஒரு தம்பி கேட்க, ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஐயா ஒருவர் திருத்தியிருக்கிறார். தாம்பரத்தில் இருப்பது பயிற்றுநர்களுக்கான பள்ளி. ஏற்கெனவே பைலட்டாக இருப்பவர்களைக் கற்றுக்கொடுப்பவர்களாக ஆக்கும் இடம். புதியவர்களுக்கு ஐதராபாத் பக்கம் துண்டிகல்தான் தொடக்கம். அங்கிருந்து ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிவார்கள். ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவர் அங்கே வேலை பார்த்தவர்.

நேவியை யாரும் கேட்கவில்லையே? நேவி பைலட்டுக்குப் பட்ட மதிப்பெண்ணை வைத்து எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுகிறார்கள். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் அவர்களுடைய ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கோஸ்ட் கார்டிலும் பைலட் உண்டு. ஃப்ளையிங் என்றால் விமானப்படை மட்டும்தான் என்று ஏன் முடிவு கட்டிக்கொள்கிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை.

செப்டம்பர் 26

மிக்-21 போர் விமானம் இன்று சண்டிகரில் ஓய்வு பெற்றது. 1963-ல் சேர்ந்தது. இப்போது ஃபைட்டர் ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் படைப்பிரிவு, 29. இருக்க வேண்டியது 42. “அப்போ இன்னும் இடம் குறையுமா?” என்று கேட்காதீர்கள், சேர்க்கை எண்ணிக்கை ஸ்குவாட்ரன் கணக்கோடு நேராக ஏறி இறங்குவதில்லை. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் வரவேண்டியது வந்தால் ஓட்டவும் ஆள் வேண்டும்.

அக்டோபர் 11

என் கதையைக் கேட்டுத் தனியாக நிறையச் செய்தி. ஒரே தடவை சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் ரெக்கமெண்ட் ஆனேன், சிபிஎஸ்எஸ் தேறியது. பெங்களூர் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்தில் மெடிக்கல், ஃபிட். வீட்டில் கெடா வெட்டாத குறை. அப்பா சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அப்புறம் மெரிட் லிஸ்ட் வந்தது, அதில் என் பெயர் இல்லை. இடம் எத்தனையோ அதுவரை கோடு, நான் கோட்டுக்குக் கீழே. யார் தப்பும் இல்லை. எல்லாப் படியும் ஏறியவனுக்கும் வேலை உறுதியில்லை என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது, அதை வீட்டில் யாருக்கும் நான் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து சிடிஎஸ் எழுதி, திரும்ப ஒரு போர்டு. அதே ஆள், அதே பதில்கள், இன்னும் தெளிவாகக்கூடப் பேசினேன். கான்ஃபரன்ஸ் அவுட். முதல் போர்டு சரியா, இரண்டாவது சரியா? ரொம்ப நாள் இரண்டில் ஒன்று தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஐந்து நாளில் ஒரு ஆளைப் பார்த்தால் அந்த ஐந்து நாள் ஆள்தான் தெரிவான்.

இடம் குறைவு என்பது உண்மையில் கடிக்கும் இடம் இதுதான் தம்பி, மெரிட் லிஸ்ட். அங்கே உன்னால் செய்ய முடிவது எதுவும் இல்லை. காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்கிறாய் என்பது மட்டும் உன் கையில். என் விஷயத்தில் அது என் கையில்கூட இல்லை, அக்கா கையில் இருந்தது. நான் மொட்டை மாடியில் சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் போகும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே என் பெயரில் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்து, போட்டோவைக்கூட அவளே வெட்டி ஏற்றிவிட்டாள். முகம் பாதிதான் தெரியும். அந்தப் பாதி முகத்தோடுதான் ஹால் டிக்கெட். இன்று பொள்ளாச்சியில் தென்னைநார் ஆலைகளுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வருத்தமா என்றால், உண்டு. தினமும் இல்லை.

அக்டோபர் 25

எச்டிடி-40-ன் முதல் உற்பத்தி விமானம் நேற்று பெங்களூரில் பறந்திருக்கிறது. ஆகஸ்டில் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பந்தியில் இலை கூடலாம்.

நவம்பர் 23

நேற்று முன்தினம் துபாய் ஏர் ஷோவில் தேஜஸ் விழுந்தது. விமானி சூலூர் ஸ்குவாட்ரன்காரர். இன்று அவர் உடலைச் சூலூருக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் அந்த விமானச் சத்தம் கேட்காத நாள் குறைவு.

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, என்டிஏ எழுதப் போகிறாள். “ஃப்ளையிங் வேண்டாம், தரைப் பணி போதும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்கிறார்.

அம்மா, நான் சொல்ல மாட்டேன். ஆபத்தில்லை என்றும் சொல்ல மாட்டேன், அது பொய். டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிவுகள் இருக்கின்றன, அவையும் விழாதவை அல்ல. 2016-ல் முதல் மூன்று பெண்கள் ஃபைட்டர் பைலட் ஆனபோது அவர்கள் வீடுகளிலும் இதே பேச்சு நடந்திருக்கும். 2022-லிருந்து என்டிஏவில் பெண்களைச் சேர்க்கிறார்கள், முதல் பேட்ச் இந்த மே மாதம் முடித்து வெளியே வந்தது. இன்னொன்றும் யோசியுங்கள். விண்ணப்பிப்பது வேறு, கிடைப்பது வேறு. எழுத்துத் தேர்வு, போர்டு, சிபிஎஸ்எஸ், மெடிக்கல், மெரிட் லிஸ்ட், அப்புறம் வருடக்கணக்கில் பயிற்சி. தேறாதவர்களைப் பயிற்சி நடுவிலும் நிறுத்திவிடுவார்கள். அவளே மனம் மாற எத்தனையோ இடம் இருக்கிறது. நீங்கள் முதல் இடத்திலேயே தடுத்தால் பழி உங்கள் மேல்தான் நிற்கும்.

என் அம்மா என்ன சொன்னார் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மெரிட் லிஸ்ட் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். காரணம் கேட்டதற்கு வெள்ளிக்கிழமை என்றார்.

டிசம்பர் 6

கேள்வி கேட்ட தம்பி வந்துவிட்டான். ஏஎஃப்கேட் தேறியாகிவிட்டதாம், மைசூரையே தேர்ந்தெடுத்திருக்கிறான். இப்போது வேறு தலைவலி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும், ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முழுதாக, கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். மூன்றும் மூன்று ஆள் போல இருக்கின்றன. வடக்கத்தியருக்கு இந்தப் பிரச்சினை தெரியாது, நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று.

விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலத்தானே எழுதினாய்? அப்படியானால் பயமில்லை. மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வை. ஆதாரைத் திருத்த இப்போதே மனு போடு, வந்தால் வரட்டும். அசல் சான்றிதழ்கள் ஒரு உறையில், நகல்கள் வேறு உறையில். கடைசி செமஸ்டர் மார்க் ஷீட் வரவில்லை என்றால் புரொவிஷனல் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத்தில் இன்றே கேள், அழைப்புக் கடிதத்தில் சொன்ன தாள் ஒன்று குறைந்தால்கூட வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதே, முதல் முறை போகிறவர்களுக்கு ஏசி மூன்றடுக்குக் கட்டணம் திருப்பித் தருகிறார்கள். வங்கிக் கணக்கு விவரமும் கையோடு கொண்டு போ. வெள்ளை நிற ஷூ, வெள்ளை நிற ஷார்ட்ஸ் ஜிடிஓவுக்கு வேண்டும். உடுமலையிலேயே கிடைக்கும், மைசூரில் போய்த் தேடாதே.